மணியோடு ஓடைக்கரையில்

“அக்கா, ரெண்டே ரெண்டு விஷயம். காட்டுக்குள்ள கயித்த அவுத்து விட்டுடாத. வீட்டுக்கு வந்ததும் உண்ணி இருக்கான்னு தடவிப் பாரு.”

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த என் தங்கை சொன்னாள். அவளுக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் போன ஆண்டு அக்டோபரில் மூன்று வாரம் சிட்னிக்குப் போனேன். சமையல், துணி, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது எல்லாம் எதிர்பார்த்ததுதான். தினமும் மாலை நாயைக் காட்டுக்குக் கூட்டிப் போகும் வேலையும் என் தலையில் விழும் என்று விமானம் ஏறும்போது யாரும் சொல்லவில்லை.

நாயின் பெயர் மணி. காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலப்பினம். கறுப்பு உடம்பு, பழுப்புக் கால்கள், ஆறு வயது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைக்கும் பெயர்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் காதில் அது பணத்துக்கான ஆங்கிலச் சொல்லாக விழுகிறது. “மணி, வா!” என்று நான் கூப்பிடும்போதெல்லாம் வழியில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். “கூப்பிட்டால் வருகிறதா? எனக்கும் சொல்லிக் கொடுங்கள்” என்றார் ஒரு பெரியவர்.

தங்கை வீடு சிட்னி துறைமுகப் பாலத்துக்கு வடக்கே, நேரம்பர்ன் என்ற பகுதியில். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஃபிளாட் ராக் பள்ளத்தாக்கு. தட்டைப் பாறை என்று பெயர் கொண்ட ஓடை ஒன்று மணற்பாறைகளுக்கு நடுவே இறங்கி, துறைமுகத்தின் ஒரு கிளையான லாங் பே விரிகுடாவில் போய்ச் சேருகிறது. மேலே நெடுஞ்சாலை இரைச்சல். நூறு படி கீழே இறங்கினால் தண்ணீர்ச் சத்தம், பறவைச் சத்தம், நிழல். அங்கே போய் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மணியின் மூக்கு எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் ஆகலாம்.

நாய்க்கு அனுமதி எங்கே?

சிட்னியைச் சுற்றிக் காடு நிறைய இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே லேன் கோவ், காரிகல் போன்ற தேசியப் பூங்காக்கள் உண்டு. ஆனால் அவற்றுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை, கயிற்றோடும் கூடாது. நகராட்சிகள் பராமரிக்கும் காட்டுத் துண்டுகள் சிலவற்றில்தான் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தலாம். ஃபிளாட் ராக் அப்படி ஓர் இடம். அதனால்தான் மாலையில் அங்கே மனிதர்களைவிட நாய்கள் கூடுதலாகத் தெரியும்.

நாங்கள் நடக்கத் தொடங்குவது ஸ்மால் தெருவிலிருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் அருகில். பெரிய புகைபோக்கியும் கல் சுவர்களுமாக, பார்த்தால் ஏதோ கோயிலோ கோட்டையோ என்று தோன்றும். உண்மையில் அது குப்பை எரிக்க 1934இல் கட்டிய ஆலை. வடிவமைத்தவர்கள் வால்டர் பர்லி கிரிஃபினும் அவருடைய கூட்டாளி எரிக் நிக்கல்ஸும். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குத் திட்டம் போட்ட அதே கிரிஃபின்தான். பிற்பாடு வேலைக்காக இந்தியா போன அவர், 1937இல் லக்னோவில் காலமானார். இப்போது அந்தக் குப்பை ஆலை கலைக்கூடமாக இருக்கிறது.

குப்பைக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் உறவு அதோடு முடியவில்லை. பள்ளத்தாக்கின் மேற்பகுதி பல பத்தாண்டுகள் நகரத்தின் குப்பைமேடாக இருந்தது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, அதன் மேல் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். இன்று அந்த இடத்தில் விளையாட்டுத் திடல். பிள்ளைகள் வலைப்பந்து ஆடுகிறார்கள். திடலைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் ஓடை வெளிச்சத்துக்கு வருகிறது. அதன் இரு கரையிலும் நகராட்சியும் தன்னார்வலர்களும் களை பிடுங்கி, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நிழலுக்குள் இறங்குதல்

முதல் நாள் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நான் பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில். லயத்து வீட்டில் நாய் இருந்தது; ஆனால் அதை யாரும் நடக்கக் கூட்டிப் போனதில்லை. அதுவாகப் பால்மரக் காட்டுக்குள் போகும், அதுவாக வரும். காலையில் மரம் சீவப் போகும் அப்பாவின் பின்னால் ஓடும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு போய், அது இருக்கும் இடத்தில் குனிந்து அள்ளிக் கட்டி, குப்பைத்தொட்டி வரும்வரை சுமந்து நடப்பதெல்லாம் எனக்குப் புதிது. மூன்றாவது நாள் கூச்சம் போய்விட்டது. எல்லார் கையிலும் அதே பைதானே!

பாதையின் மேல்பகுதியில் வெயில் உண்டு. அங்கே நிற்கும் சிட்னி ரெட் கம் மரங்களைப் பார்த்து நின்றுவிட்டேன். பட்டை உரிந்து, இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக வழவழவென்று இருக்கும். பாறை மேல் மெழுகு வழிந்து உறைந்ததுபோல் அடிமரம் பாறையைத் தழுவி நிற்கும். இன்னும் கீழே இறங்கினால் வெயில் நின்றுவிடுகிறது. இரு பக்கமும் மரப் பெரணிகள். நம் சந்தையில் பூச்சோக் பாக்கு என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அந்தக் கீரையின் சொந்தம்தான். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து குடை பிடிக்கிறது. மேலே இருபத்து நான்கு டிகிரி என்றால் கீழே சட்டென்று குளிர் தட்டும். மணி அங்கேதான் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஓடை பெரியதில்லை. ஒரு தாண்டில் கடக்கக்கூடிய இடங்களும் உண்டு. கரைப் பாறைகளில் நீர் ஓணான்கள் படுத்திருக்கும். வாலோடு சேர்த்து இரண்டடிக்கு மேல் நீளம். நாய் நெருங்கினால் அசையாது. இன்னும் ஓரடி நெருங்கினால் கல் விழுந்ததுபோல் தண்ணீரில் தொப்பென்று விழுந்து மறைந்துவிடும். மணி ஒவ்வொரு நாளும் ஏமாந்தது, ஒவ்வொரு நாளும் நம்பிக்கையோடு மறுபடி போனது.

தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று நாயைக் குடிக்க விடக்கூடாது. மேலேயுள்ள தெருக்களின் மழைநீர் முழுக்க இந்த ஓடைக்குத்தான் வருகிறது. மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அழுக்கு கூடுதல். நான் ஒரு பாட்டில் தண்ணீரும் மடக்கும் கிண்ணமும் எடுத்துப் போவேன். பாதி தூரத்தில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து எனக்குப் பாதி, மணிக்குப் பாதி.

இலைக் குவியலின் சொந்தக்காரர்

அந்தக் காட்டின் பெரிய வேடிக்கை புதர் வான்கோழி. கறுப்பு உடம்பு, சிவப்பு மொட்டைத் தலை, கழுத்தில் மஞ்சள் மாலை. சண்டைக்கு வந்த சேவல் மாதிரி நடை. ஆண் பறவை காட்டுச் சருகுகளை எல்லாம் காலால் வாரி வாரி ஒரு மேடு கட்டும். மேடு மனித இடுப்பு உயரம் வரும். பெண் பறவை வந்து அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சருகு மக்கும்போது வரும் சூடுதான் அடைகாக்கிறது. ஆண் பறவை அலகை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, கூடினால் சருகைக் கலைத்து, குறைந்தால் சேர்த்து, 33 முதல் 35 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுமாம். மாதக்கணக்கில் இதே வேலை. “உன் மாமா ஒரு நாள் சாதம் குக்கர்ல வச்சுப் பார்த்துக்கிட்டதே பெரிய விஷயம்” என்றாள் தங்கை.

இந்தப் பறவையைப் பார்த்தால் மணிக்குத் தலைகால் புரியாது. இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு வான்கோழி எங்கள் முன்னால் சாவகாசமாகப் பாதையைக் கடந்தது. நான் பிடித்திருந்தது இழுக்க இழுக்க நீளும் வகைக் கயிறு. நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்குள் மணி ஐந்து மீட்டர் ஓடிப் புதருக்குள் புகுந்துவிட்டது. கயிறு செடியில் சுற்றிக்கொண்டது. வெளியே இழுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கையெல்லாம் முள் கீறல்.

அது என்ன செடி என்று பார்த்ததும் சிரிப்பு வந்தது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் குட்டிக் குட்டிப் பூங்கொத்து. நம் ஊரில் பூங்கா தாய் ஆயாம் என்போமே, அதே செடி. அம்மா அதை உண்ணிச்செடி என்பார். நம் சாலையோரத்தில் சாதுவாக நிற்கும் அது, இந்தக் காட்டில் எல்லாவற்றையும் மூடி வளரும் கொடுங்களை. கையுறை போட்டு அதைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு தன்னார்வல மூதாட்டி கயிற்றைச் சிக்கெடுக்க உதவினார். பிறகு மரியாதையாக ஆனால் நேராகச் சொன்னார்: “குட்டைக் கயிறு வாங்குங்கள். இங்கே தரையில் கூடு கட்டுகிறவை இருக்கின்றன.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு நாய் ஐந்து நிமிடம் புதருக்குள் போனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். அன்றிரவு தங்கையிடம் புலம்பியபோது அவள் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சிட்னியின் புறநகரை ஒட்டிய காடுகளில் செய்தது. கயிற்றில் பிடித்த நாயோடு ஒருவர் பாதையில் நடந்து போனாலே, அங்கே தென்படும் பறவை வகைகள் 35 விழுக்காடும், பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்தனவாம். நாய்கள் தினமும் வந்துபோகும் பாதைகளிலும் அப்படித்தான். பறவைகளுக்குப் பழகிப் போய்விடவில்லை. மனிதன் தனியாக நடந்தபோது பாதிப்பு இவ்வளவு இல்லை.

அன்று வாதம் நின்றது. நாங்கள் கயிற்றோடு போனாலே அந்தக் காடு கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுகிறது. அதற்கு மேலும் கேட்பது நியாயமில்லை.

அந்த வியாழக்கிழமை

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் ஒரு வகை உண்ணி இருக்கிறது. பக்கவாத உண்ணி என்றே அதற்குப் பெயர். பண்டிகூட் என்ற சிறிய பிராணியின் உடம்பில் தொற்றி வாழ்வது. பெருச்சாளிக்குத் தெலுங்கில் பந்திக்கொக்கு என்று பெயர். அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, மூக்கு நீண்ட இந்த ஆஸ்திரேலியப் பிராணிக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பிராணிக்கு உண்ணி பழகிப்போனது. நாய்க்குப் பழக்கமில்லை. உண்ணி இரத்தம் குடிக்கும்போது இறங்கும் நச்சு, நாயின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும். பின்னங்கால் தள்ளாடும், குரல் மாறும், வாந்தி வரும், கடைசியில் மூச்சு முட்டும். வசந்தமும் கோடையும்தான் இதற்குப் பருவம்.

தடுப்பு மாத்திரை உண்டு. அறுவை சிகிச்சைப் பரபரப்பில் தங்கை அதைக் கொடுக்க மறந்திருந்தாள். தடவிப் பார்க்கும் வேலை என்னுடையது. முதல் வாரம் தினமும் பார்த்தேன். அந்த ஞாயிறு, கயிற்றுச் சண்டையில் களைத்துப்போய், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். திங்களும் செவ்வாயும் முதுகை மட்டும் தடவிவிட்டு, பார்த்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்ணி நமக்குப் புதிதா? தோட்டத்து நாய்க்கு உடம்பெல்லாம் இருந்ததே, சொறிந்துகொண்டு திரியவில்லையா என்ற அலட்சியம்.

வியாழக்கிழமை காலை மணி குரைத்தது. சத்தம் வேறு மாதிரி, தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல் இருந்தது. எழுந்து வந்தபோது பின்னங்கால்கள் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி பின்னிக்கொண்டன. தங்கை ஊன்றுகோலோடு எழுந்து நின்றுவிட்டாள். “அக்கா, தண்ணிகூட வைக்காத. தொண்டையில போய் அடைக்கும். காடிய எடு!”

வழியில் பின் இருக்கையில் அவள் மடியில் மணி. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அதன் மூச்சைக் கேட்டேன். கால்நடை மருத்துவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். காதுக்குப் பின்னால், மடிப்புக்குள். ஞாயிறன்று எள் அளவு இருந்திருக்கும். இப்போது கொண்டைக்கடலை மாதிரி ஊதிச் சாம்பல் நிறமாக இருந்தது. முதுகைத் தடவினால் அது எப்படிக் கையில் படும்?

நச்சுமுறி மருந்து ஏற்றி, இரண்டு இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உண்ணியை எடுத்த பிறகும் ஒருநாள் வரை நிலைமை மோசமாகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு இரவும் தங்கை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிள்ளைகள் இருவரும் மணியின் காலி மெத்தைக்குப் பக்கத்தில் பாடப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மணி தன் காலால் நடந்து வெளியே வந்தது. கட்டணம் என் விமான டிக்கெட்டைத் தாண்டியிருந்தது. அதைக் கட்டும்போது எனக்கு வருத்தமே இல்லை.

அப்பாவின் விரல்கள்

அன்று மாலை வாசற்படியில் உட்கார்ந்து மணியை மடியில் சாய்த்துக்கொண்டபோதுதான் அப்பா ஞாபகம் வந்தது. லயத்து வாசலில், குளித்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிய பால்டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். நாய் தானாக வந்து மடியில் தலை வைக்கும். முதலில் காது மடல், பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், கடைசியில் கால்விரல் இடுக்கு. இதே வரிசை, ஒருநாளும் மாறாது. எடுத்த உண்ணி டின்னுக்குள் போகும். நாயைக் கொஞ்சிப் பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. நாய் வாயில்லாத ஜீவன், அதற்குச் சொல்லத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும் என்பார். அவ்வளவுதான். நாயை அவிழ்த்து விட்டே வளர்த்த தோட்டத்தில் அப்பா தினமும் செய்த வேலை அது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த நான் அதைத்தான் விட்டிருந்தேன்.

மருத்துவர் சொன்னபடி சில நாள் நடை இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், மணிக்கு மாத்திரையும் கொடுத்து, குட்டைக் கயிறும் வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை மெதுவாக இறங்கினோம். இந்த முறை பாதையின் நடுவிலேயே நடந்தோம். வான்கோழி வந்தது, கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, அது கடக்கும்வரை நின்றோம். கொஞ்சம் நின்றதால்தான் எதிர்ப் பாறையில் மூன்று நீர் ஓணான்கள் இருந்ததும் கண்ணில் பட்டது.

பள்ளத்தாக்கின் முடிவில் ஓடை மறுபடி தரைக்கடியில் போய்விடுகிறது. அதன் மேல் டங்க்ஸ் பூங்கா என்ற பச்சைத் திடல். தலைக்கு மேலே கோட்டைக் கோபுரங்கள் கொண்ட ஒரு பாலம். நிலம் விற்க நினைத்த ஒரு நிறுவனம், வாங்குபவர்கள் வந்து சேர 1892இல் கட்டிய தொங்குபாலம் அது. நடந்து கடக்கவே காசு வாங்கினார்கள். 1912இல் அரசு எடுத்துக்கொண்டது. இரும்பு வடங்கள் அரித்துப்போகவே, 1939இல் கோபுரங்களை அப்படியே வைத்து நடுவில் கான்கிரீட் வளைவு கட்டினார்கள். திடலில் பலகை அனுமதிக்கும் இடத்தில், ஆட்டம் நடக்காத நேரத்தில் கயிற்றை அவிழ்க்கலாம். அங்கேதான் மணியை அவிழ்த்துவிட்டேன். ஓடியது. பின்னங்கால்கள் இரண்டும் நேராக ஓடின. விரிகுடாத் தண்ணீர் ஓரம்வரை போய், திரும்பி, நான் கூப்பிடாமலே வந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். ஸ்மால் தெருவில் தொடங்கி டங்க்ஸ் பூங்கா வரை இறங்கினால் வெயிலில் தொடங்கி நிழலில் போகலாம், திரும்பும்போதுதான் ஏற்றம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள். நீளும் கயிறு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நாயை மட்டுமல்ல, உங்களையும் பாருங்கள். அந்த உண்ணிக் கடி மனிதரில் சிலருக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவற்றுக்கு ஒவ்வாமையைக் கொண்டுவந்துவிடுமாம். தீபாவளிக்கு மட்டன் குழம்பு முக்கியம் என்று நினைப்பவர்கள் கவனம்!

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து தங்கை ஒரு காணொளி அனுப்பினாள். அவளுடைய மூத்த மகன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான், மணி அவன் மடியில். அவன் விரல் காது மடலில் தொடங்கி, காதுக்குப் பின்னால் போய், கழுத்து, அக்குள் என்று இறங்குகிறது. கால்விரல் இடுக்கு வந்ததும் மணி கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்கிறது. அவன் விடாமல் பிடித்து, நான்கு காலையும் பார்த்து முடிக்கிறான்.